தாய்சேய் நலத் தரவில் இன்டர்ன்ஷிப்: டிடிஎச்எஸ் ஆபீஸா, தொண்டு நிறுவனமா, என்எஃப்எச்எஸ் கோப்பா?

பொன்னி_ஸ்டாட்ஸ்

வணக்கம். பிஎஸ்சி புள்ளியியல் முடித்து எம்பிஎச் (பொது சுகாதார முதுகலை) சேர்ந்தவள் நான். முதலாண்டு முடியப் போகிறது. மே, ஜூனில் கட்டாய இன்டர்ன்ஷிப். தாய்சேய் நலத் தரவில்தான் செய்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். எங்கே என்பதில்தான் குழப்பம்.

ஒன்று, சொந்த மாவட்டத்து டிடிஎச்எஸ் ஆபீஸ், அதாவது சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் அலுவலகம். பிக்மி (கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவு செய்யும் மாநில இணையத்தளம்) தரவு இருக்கும், ஆனால் பைசா கிடையாது. இன்னொன்று, சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம். மாதம் கொஞ்சம் உதவித்தொகை, ஏசி அறை, டாஷ்போர்டு வேலை. அதுவும் வேண்டாமென்றால் எங்கள் பேராசிரியரிடம் உட்கார்ந்து என்எஃப்எச்எஸ்-5 (தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று) கோப்பைக் குடைந்து ஒரு கட்டுரை எழுதலாம். வீட்டிலிருந்தே செய்யலாமே என்று அம்மா இதற்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்.

ஆர் (புள்ளியியல் மென்பொருள்) நன்றாகவே வரும். பிக்மியைப் பொறுத்தவரை கர்ப்பிணிகள் தாங்களே பதிவு செய்யும் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாது. ஏற்கனவே போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சிறுவாணி

டிடிஎச்எஸ் ஆபீஸ். யோசிக்கவே வேண்டாம்.

நான் போனபோது ஒரு வருடப் பிரசவங்களின் லைன் லிஸ்ட் (ஒருவருக்கு ஒரு வரி என்று இருக்கும் பட்டியல்) கொடுத்தார்கள், பெயரும் போன் நம்பரும் நீக்கியது. பிளாக் வாரியாக எடை குறைந்த குழந்தைகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு, அவ்வளவுதான், அரை மணி நேர வேலை. கொடுப்பதற்கு முன் சும்மா ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தேன். 2.5 கிலோவில் தென்னை மரம் மாதிரி ஒரு கம்பம் நிற்கிறது. 3 கிலோவில் இன்னொன்று. நடுவில் 2.4, 2.6 எல்லாம் தரையோடு தரையாக.

சரியாக 2,500 என்று எழுதப்பட்ட குழந்தை எடை குறைவுக் கணக்கில் வராது. அவர்களில் ஒரு பங்கு உண்மையில் 2,450, 2,470 ஆக இருந்திருக்கும். சர்வேக்களில் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: சரியாக 2,500 என்று பதிவானவர்களில் கால்வாசியை எடை குறைவுப் பக்கம் சேர்த்துவிடுவது. அதைச் செய்ததும் பிளாக்குகளின் வரிசையே மாறிவிட்டது. ரிவ்யூவில் பாராட்டு வாங்கிய பிளாக்கில்தான் 2.5 அதிகம்.

ஏன் என்று பார்க்க ஒரு பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) பிரசவ அறைக்குப் போனேன். தராசு டிஜிட்டல்தான். குழந்தை கைகாலை உதைத்துக்கொண்டிருந்தால் எண் நிற்காமல் ஓடும். சிஸ்டர் ஒரு கையில் துணியைப் பிடித்துக்கொண்டு, தாய்க்கு ரத்தப்போக்கு எப்படி என்று ஒரு கண்ணை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, "ரெண்டரை" என்பார். பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். அந்த நேரத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். டாஷ்போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தால் இது உங்களுக்குத் தெரியவே வராது.

---

மாடிப்படி

@சிறுவாணி உங்களுக்கு லைன் லிஸ்ட் கிடைத்தது, கொடுத்து வைத்தவர். எனக்குக் கிடைத்தது பிபிடி. எந்த மாவட்டம் என்று சொல்லப் போவதில்லை. போர்ட்டலிலிருந்து எக்செல் இறக்கு, போன மாத ஸ்லைடில் எண்ணை மாற்று, கலெக்டர் மீட்டிங்குக்கு நாலு காப்பி எடு. கேள்வி கேட்டால் "அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா" என்று பதில். கடைசியில் 'பயிற்சி திருப்திகரம்' என்று ஒரு சான்றிதழ்.

ரூம் வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் அப்பா காசு. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய நாற்காலியில் எம்பிஎச் மாணவர்களை உட்கார வைக்கிறார்கள். இப்படியே போனால் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் இருக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இந்தத் துறைக்கு வருவார்கள். பொன்னி, உதவித்தொகை தரும் இடத்துக்குப் போ. சும்மா வேலை செய்வதை 'அனுபவம்' என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களை நம்பாதே.

---

புள்ளிராஜா_ரிட்டயர்டு

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் ஊரெல்லாம் சுவரில் இருந்த காலத்தில் ஆபீசில் புள்ளிவிவரம் பார்த்தவனுக்கு வைத்த பட்டப்பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

மாடிப்படியின் கோபம் நியாயமானது. உதவித்தொகை கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காதவரை குறைந்தபட்சம் தங்குமிடத்துக்குப் பக்கத்து மாவட்டமாக ஒதுக்கச் சொல்லி உங்கள் கல்லூரியைக் கேளுங்கள். ஆனால் எதற்கு வந்திருக்கிறோம் என்று ஒரு பக்கம் எழுதி எடுத்து வராத மாணவருக்கு, ஆபீசில் எந்த நேரமும் கிடக்கிற வேலைதான் கிடைக்கும். அது பிபிடிதான். ஒரே ஒரு கேள்வியோடு வாருங்கள். அது அங்கே இருப்பவருக்கும் தலைவலியாக இருக்கிற கேள்வியாக இருக்கட்டும்.

உதாரணத்துக்கு ஒன்று. பெண் மாமியார் ஊரில் கர்ப்பத்தைப் பதிவு செய்கிறாள். அவளுக்கான 12 இலக்கப் பதிவு எண், அதாவது ஆர்சிஎச் எண், அங்கே விழுகிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு, அம்மா வீடு. அங்கே அவள் 'விசிட்டர்'. பிரசவம் அந்த ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில், குழந்தையின் முதல் தடுப்பூசிகளும் அங்கேயே. நாலைந்து மாதம் கழித்துத் திரும்புகிறாள். முறைப்படி ஒரே எண்ணில் எல்லாம் தொடர வேண்டும். அட்டையை மாமியார் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால்? அவசரத்தில் புது எண். இப்போது ஒரு பெண் இரண்டு கர்ப்பிணி. பழைய எண்ணில் அவள் 'பிரசவத் தேதி தாண்டியும் விவரம் இல்லை' என்று சிவப்பில் நிற்பாள், அந்த ஊர் விஎச்என்னுக்கு (கிராம சுகாதார செவிலியர்) மெமோ வரும். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் அதில்தான் தொங்குகிறது. அதனால் எங்கள் பக்கம் விடுபடுவதைவிட இரட்டிப்பதுதான் தொல்லை. கணவர் பெயர், கடைசி மாதவிலக்குத் தேதி, போன் நம்பர் வைத்து இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்க ஒரு ஒழுங்கான வழி எழுதிக் கொடுத்தால் ஆபீசே உங்களைக் கொண்டாடும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதில் இருக்கிற கூத்து தனி: ஒரே லட்சுமி ஐந்து விதமாக வருவாள்.

எல்லா மாணவர்களும் தாய் இறப்பு விகிதத்தில் கைவைக்க ஆசைப்படுவார்கள். வேண்டாம் என்பேன். எஸ்ஆர்எஸ் (மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை) கணக்கில் 2018-20க்குத் தமிழ்நாடு லட்சம் பிறப்புக்கு 54, இந்தியா 97. மாநில அளவுக்கே மூன்று வருடத்தைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள், கவனித்தீர்களா? ஒரு சுகாதார மாவட்டத்தில் வருடம் 20,000 பிறப்பு, விகிதம் 50 என்று வையுங்கள். எதிர்பார்க்கும் இறப்பு 10. எதுவுமே மாறாமல், வெறும் தற்செயலில் அது ஒரு வருடம் 5, மறு வருடம் 16 என்று ஆடும். 16 வந்த வருடம் அதிகாரியை நிற்க வைத்துக் கேட்பார்கள், 5 வந்த வருடம் கேக் வெட்டுவார்கள். இது போதாதென்று, மதுரை ராஜாஜி மருத்துவமனை மாதிரி இடங்களுக்குச் சுற்று மாவட்டத்து சீரியஸ் கேஸ் எல்லாம் வரும். இறந்த இடத்தை வைத்து எண்ணுவதா, குடியிருக்கும் இடத்தை வைத்தா என்று கேட்காமல் யாராவது மாவட்டத் தரவரிசை காட்டினால் எழுந்து போய்விடுங்கள்.

இன்னொன்று. இறப்புக் கோப்பில் பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். துணை சுகாதார நிலையம், வயது, தேதி மூன்றும் இருந்தால் யார் அந்தப் பெண் என்று ஊருக்கே தெரியும். அந்தக் கோப்பு ஆபீஸ் கம்ப்யூட்டரை விட்டு நகரக்கூடாது.

---

மாடிப்படி

சார், கேள்வியோடு போனேன். கேட்க ஆள் இல்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

---

புள்ளிராஜா_ரிட்டயர்டு

எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி யார் என்று பெயரோடு கடிதத்தில் இல்லாவிட்டால் சேராதீர்கள். 'அலுவலகம்' என்று ஒரு ஆள் கிடையாது. டிஎம்சிஎச்ஓவோ (மாவட்டத் தாய்சேய் நல அலுவலர்), புள்ளிவிவரம் பார்ப்பவரோ, வாரம் ஒரு மணி நேரம் உட்காரச் சம்மதித்த ஒருவர் வேண்டும்.

---

நர்ஸக்கா

நான் விஎச்என். இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. யாராவது நர்ஸைப் பற்றிப் பேசினால் மட்டும் இங்கே எட்டிப் பார்ப்பேன்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எங்களிடம் முதலில் கேட்பது எச்பி, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பற்றித்தான்: "ஏன் மேடம் எச்பி எல்லாருக்கும் பத்து, பதினொன்று என்றே இருக்கு?" தணிக்கை பண்ண வந்த மாதிரி கேட்பார்கள். என் துணை நிலையத்துக்கு விதிப்படி ஐயாயிரம் ஜனம். காலையில் ஏஎன் மதர் (கர்ப்பிணி) வீடுகள், பிறகு ரிஜிஸ்டர், பிறகு அதையே பிக்மியில், அதே எண்ணைக் கூட்டி மாத ரிப்போர்ட்டில், தடுப்பூசி யூ-வின்னில், நடுவில் வாட்ஸாப் குரூப்பில் "உடனே அனுப்பவும்". சிக்னல் மொட்டை மாடியில்தான் வரும். ஒரே எண்ணை நாலு இடத்தில் எழுதினால் நாலும் ஒன்றாக இருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

எச்பி 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் சிவியர், ரெஃபர் பண்ண வேண்டும். இந்த எல்லைக்கோடுகள் எங்களுக்கும் தெரியும், மீட்டிங்கில் கேட்பவர்களுக்கும் தெரியும். கோடு இருக்கும் இடத்தில் எண் வந்து உட்காரும். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

பொன்னி, ஒன்று சொல்கிறேன், நீ பெண் என்பதால் புரியும். வயசுப் பத்தியைப் பார். 19 என்று ஏகப்பட்டது இருக்கும், 17 அபூர்வமாக இருக்கும். 18 ஆகாத பெண் கர்ப்பம் என்றால் போக்சோவில் தகவல் போயாக வேண்டும். வீட்டில் பயந்துபோய் 19 என்பார்கள், ஆதார் கேட்டால் அத்தை வீட்டில் இருக்கிறது என்பார்கள். சில பெண் ஏழாம் மாதம் வரை பதிவுக்கே வராது. பதிவு தாமதமானால் உங்கள் கணக்கில் அது 'சேவை குறைபாடு' என்று என் தலையில் விழும். அந்தப் பெண் ஏன் வரவில்லை என்பதற்குப் பத்தி இல்லை.

---

சிறுவாணி

நர்ஸக்கா சொன்னதைத் தரவிலேயே பார்க்கலாம். 12 வாரத்துக்குள் பதிவானவர்கள் எத்தனை சதவீதம் என்பதை வயது வாரியாகப் பிரித்தால், 19ல் மட்டும் ஒரு பள்ளம் விழும். 20, 21ல் அது இல்லை. பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு மட்டும் கர்ப்பம் தாமதமாகத் தெரிய வருமா என்ன?

---

பொன்னி_ஸ்டாட்ஸ்

அக்கா, சார், எல்லோருக்கும் நன்றி. ஒன்று கேட்கிறேன், திட்டாதீர்கள். ஹை ரிஸ்க் கர்ப்பிணிகளை முன்கூட்டியே கணிக்க மெஷின் லேர்னிங் மாடல் ஒன்று செய்யலாமா என்று நினைத்திருந்தேன். தொண்டு நிறுவனத்தில் அதைத்தான் கேட்கிறார்கள்.

---

டாக்டர்_தூத்துக்குடி

திட்டவில்லை. ஆனால் எதை வைத்துக் கணிப்பாய்? எச்பி, பிபி, முந்தைய சிசேரியன், எடை. இவை இருந்தால் ஹை ரிஸ்க் என்று விஎச்என் ஏற்கனவே குறித்துவிட்டார். அவர் குறித்ததை அவர் எழுதியதை வைத்தே கணித்துவிட்டு 95 சதவீதம் துல்லியம் என்று போஸ்டர் ஒட்டுவதில் என்ன பயன்? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டாரா என்ற பத்தியையும் உள்ளே போட்டுவிட்டால் இன்னும் பிரமாதமாக வரும். சிக்கல் வந்தபிறகுதானே அனுப்புவார்கள்!

உருப்படியான வேலை வேண்டுமென்றால் சிசேரியன் பக்கம் வா. என்எஃப்எச்எஸ்-5ல் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். முந்தைய சுற்றில் 34.1. தனியாரில் 63.8, அரசில் 36. இந்த எண்களை மேற்கோள் காட்டாத ஆளே இல்லை. யாருக்கு, ஏன் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. அதற்கு ராப்சன் பத்துக் குழுப் பகுப்பு இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2015ல் பரிந்துரைத்தது. எத்தனையாவது பிரசவம், முன்பு சிசேரியன் உண்டா, வலி தானாக வந்ததா தூண்டினார்களா, தலை கீழா, எத்தனை வாரம், ஒற்றையா இரட்டையா. இவ்வளவுதான் வேண்டும். ஒரு சீமாங்க் சென்டரில் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) உட்கார்ந்து ஒரு மாத லேபர் வார்டு ரிஜிஸ்டரைப் புரட்டு. எல்லாம் இருக்கும், வலி எப்படித் தொடங்கியது என்பது மட்டும் பாதிக் கேஸில் இருக்காது. அது இல்லாவிட்டால் முதல் குழுவையும் இரண்டாம் குழுவையும் பிரிக்கவே முடியாது. ரிஜிஸ்டரில் ஒரே ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி நீ வெளியே வந்தால், அந்த இன்டர்ன்ஷிப் எந்த மாடலையும்விடப் பெரிது.

---

நல்லூரான்

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கம் இதே கதை வேற உருவத்தில் இருக்கு. குடும்பநல மிட்வைஃப் எச்-512 என்ற கர்ப்பிணி அட்டையை நிரப்புவா, ஒரு பிரதி தாயிட்ட இருக்கும். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் அதைக் கூட்டி இ-ஆர்எச்எம்ஐஎஸ் என்ற இணையத் தரவு அமைப்பில் ஏற்றுவினம், கொழும்பில் குடும்ப சுகாதாரப் பணியகம் பார்க்கும். அது டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தரவு மென்பொருளில் ஓடுது, அதைப் பழகினால் வேற நாடுகளிலயும் வேலைக்கு உதவும். நான் பயிற்சிக்குப் போன நேரம் முதல் கிழமை முழுக்க மிட்வைஃபின்ர ஸ்கூட்டியில பின்னால இருந்தனான். மற்றக் கிழமைகளில் கம்ப்யூட்டரில் கண்டது எல்லாம் அதாலதான் விளங்கினது. நர்ஸக்காவிட்ட கேட்டுப் பாருங்கோ, ஏத்திக்கொண்டு போவா.

---

அட்லாண்டாக்காரி

அமெரிக்காவில் எம்பிஎச் படித்தேன். இங்கே இதற்குக் கோடைகால ஏற்பாடே உண்டு. 1935ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்து டைட்டில் ஃபைவ் நிதி மாநிலங்களுக்குப் போகிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தாய்சேய் நலத் தேவை மதிப்பீடு எழுதியாக வேண்டும், அந்த வேலைக்கு மாணவர்களை உதவித்தொகையோடு எடுப்பார்கள். மாடிப்படி கேட்பது இங்கே சாதாரணம்.

ஆனால் பொறாமைப்பட வேண்டாம். பிராம்ஸ் என்று 1987 முதல் ஓடும் சர்வே, பிரசவமான பெண்களிடமே கேட்பது. எங்கள் மாணவர்கள் பாதிப் பேர் அதில்தான் கைபழகினோம். 2025 ஏப்ரலில் சிடிசியில் (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) அதை நடத்திய குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்எஃப்எச்எஸ் கோப்புகளை எல்லோரும் இறக்கும் டிஎச்எஸ் தளமும் அமெரிக்கப் பணம் நின்றதால் அந்த வருடம் பிப்ரவரியில் புது விண்ணப்பங்களை நிறுத்தியது. உங்கள் பேராசிரியர் கையில் கோப்பு இருப்பது நல்லது. அது ஓடிப் போகாது, இரண்டாம் ஆண்டு ஆய்வறிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம். பிரசவ அறை ரிஜிஸ்டரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு இரண்டாம் ஆண்டில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

---

மாடிப்படி

ஆக, எல்லோரும் சேர்ந்து பிள்ளையைச் சம்பளமில்லாத இடத்துக்கே அனுப்புகிறீர்கள்.

---

சிறுவாணி

ஆமாம். உங்களுக்கு நேர்ந்தது நேராமல் அனுப்பப் பார்க்கிறோம். பொன்னிக்கு அது சொந்த மாவட்டம், வாடகை இல்லை. சென்னையில் தங்கினால் அந்த உதவித்தொகை ஹாஸ்டலுக்கே போய்விடும். வேறு ஊர்க்காரராக இருந்தால் நானும் உங்கள் பக்கம்தான் பேசியிருப்பேன்.

---

பொன்னி_ஸ்டாட்ஸ்

கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிறுவாணி சொல்வது சரி, சென்னையில் மிச்சம் எதுவும் இருக்காது. டிடிஎச்எஸ் ஆபீசுக்கே எழுதுகிறேன். கேள்வி: தாய் வீட்டுப் பிரசவங்களில் இரட்டை ஆர்சிஎச் எண்கள், ஒரு பிளாக்கில் மட்டும். புள்ளிராஜா சார், டேட்டாவுக்கு யாரிடம் அனுமதி? என் லேப்டாப்பில் வேலை செய்யலாமா?

---

புள்ளிராஜா_ரிட்டயர்டு

கல்லூரிக் கடிதம், ஒரு பக்கத் திட்டம், உங்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதி மூன்றையும் வைத்து தேனாம்பேட்டை பொது சுகாதார இயக்குநரகத்துக்கு எழுதுங்கள், நகலை மாவட்டத்துக்கு. நெறிமுறைக் குழு மாதம் ஒருமுறைதான் கூடும் என்றால் இப்போதே போடுங்கள், மே மாதம் வந்து கையைப் பிசையாதீர்கள். லேப்டாப் வேண்டாம், பென்டிரைவ் வேண்டவே வேண்டாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆர் இருக்காது, ஏற்றிக்கொள்ள முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பெயர் இல்லாமல் இரட்டைப் பதிவு பிடிக்க முடியாது. அதனால் பொருத்திப் பார்க்கும் வேலை முழுக்க அங்கேயே நடக்கட்டும், நீங்கள் வெளியே எடுத்துப் போவது எண்ணிக்கை அட்டவணை மட்டும்.

பிடித்த இரட்டைகளில் ஒரு பங்கையாவது சம்பந்தப்பட்ட விஎச்என்னிடம் காட்டிச் சரிபாருங்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு செல்விகள், இரண்டு பேருக்கும் கணவர் பெயர் முருகன் என்று நிஜமாகவே இருப்பார்கள்.

---

நர்ஸக்கா

என் ஏரியாவிலேயே இருக்கிறார்கள்.

பொன்னி, உன் மாவட்டம் எது என்று தனிச் செய்தியில் சொல்லு, அங்கே எனக்குத் தெரிந்த செக்டார் நர்ஸ் இருந்தால் பேசி வைக்கிறேன். புதன்கிழமை போகாதே, தடுப்பூசி நாள், யாருக்கும் உன்னிடம் பேச நேரமிருக்காது. செவ்வாய்க்கிழமை பிஎச்சியில் ஏஎன் கிளினிக், கர்ப்பிணிகள் எல்லோரும் அட்டையோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது போ. பழைய அட்டையை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் யார் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள், மே மாதம்.